பெரகல வளைவில் கவிழ்ந்த லொறி

பெரகலவுக்குக் கீழே தேயிலை லொறி கவிழ்ந்தபோது நான் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தேன். அதன்பின் இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்ச்சியே இல்லை. என் மனைவி கொஸ்லந்தவிலிருந்து முறிவு வைத்தியரைக் கெஞ்சி நாங்கள் குடியிருந்த லயத்து அறைக்கு அழைத்து வந்தாள். அவர் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, எண்ணெய் தடவி, முதுகெலும்பை அழுத்தினார்.

"கால்ல ஏதாச்சும் தெரியுதா?"

"இல்லீங்க."

இன்னும் பலமாக அழுத்தினார். அப்போதும் தெரியவில்லை.

"இது என் கையில இல்லம்மா" என்று எழுந்தார்.

என் மனைவி அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தடவை பாருங்க சாமி. இவரை விட்டா எனக்கு யாருங்க இருக்கா?"

அவர் காலை விடுவித்துக்கொண்டு போய்விட்டார். மீதி எண்ணெயை எடுத்து அவளே என் கால்களைத் தேய்க்கத் தொடங்கினாள்.

"போதும் புள்ள, விடு" என்றேன்.

அவள் விடவில்லை. கொழுந்து பறித்துவிட்டு வந்து தினமும் தேய்த்தாள். கால்களில் உணர்ச்சி கடைசிவரை திரும்பவில்லை. அவள் தேய்ப்பதே அவளுக்கு மூச்சிரைக்கும் சத்தத்தில்தான் எனக்குத் தெரிந்தது.