தெருவுக்கு வந்த கெண்டை

"...அதுக்குப் பேரு கசிவு மாப்ள, ஒடைப்பு இல்ல. கரைக்கு வேர்க்குது, அம்புட்டுதான்" என்றார் அத்தான், என் அக்காவின் புருஷன்.

காலையில் கரையைப் பார்த்துவிட்டு வந்தபோதும் இதைத்தான் சொன்னார். வண்டியோடு நான் அவர் வாசலில் நிற்கும்போதும் இதையே சொன்னார். அவர் வாயிலிருந்து எதுவும் சும்மா வராது. அந்தப் பேச்சுக்காகவே அவர் வீட்டில் போய்க் கிடந்தவன் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி. வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கண்மாய்க் கரைக்கு நேர் கீழே அவர் தெரு. வருஷக்கணக்கில் வறண்டு வெடித்துக் கிடந்த கண்மாய் அந்த ஐப்பசியில் தளும்பி நின்றது. கரையில் ஓரிடத்தில் சேறும் தண்ணீருமாக வடியவே, எல்லாரும் பாறை மேட்டுக்குப் போகச் சொல்லித் தமுக்கு அடித்தாகிவிட்டது. ஆனால் 'கரைக்கு வேர்க்குது' என்ற பேச்சு தமுக்கை முந்திக்கொண்டு வீடு வீடாகப் போனது. சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவன் எவனாவது மூட்டை கட்டுவானா? தண்ணீருக்குத் தவமிருந்த சனத்துக்குத் தண்ணீரைப் பார்த்து ஓடக் கூச்சமாகவும் இருந்திருக்கும். கண்மாய் நிறைந்து வழிந்த மறுகால் தண்ணீரோடு கெண்டை தெருவுக்கே வந்து துள்ளியதும் ஆணும் பெண்ணும் கூடையோடு இறங்கிவிட்டார்கள்.

வண்டியில் ஆத்தா இருந்தாள். அக்காவையும் ஏற்றிக்கொள்ளத்தான் நின்றேன். பிள்ளை பெற்று இன்னும் தலைக்கு ஊற்றவில்லை அவளுக்கு. உள்ளேயிருந்து, "தம்பி, வண்டிய நிப்பாட்டுடா, நான் வாரேன்" என்றாள். பச்சை உடம்பு நனைந்தால் சன்னி கண்டுவிடும் என்றார் அத்தான். வண்டிக்குப் படுதா கட்டியிருக்கிறது என்றேன். ஆத்தா அழுதாள். பாட்டன் காலத்திலிருந்து நிற்கிற கரை, தன் பிள்ளை பிறக்கட்டும் என்றா உடையக் காத்திருந்தது என்று கேட்டு, அழுதவளையும் சிரிக்க வைத்துவிட்டார்.

பொழுது சாயுமுன் கரை போனது. அத்தானைப் புளியமரக் கிளையிலிருந்து உயிரோடு இறக்கினோம். அக்காவின் உடலை வாசற்கதவுக்குப் பின்னால் எடுத்தோம். பிள்ளையை நெஞ்சோடு சேலையால் கட்டியிருந்தாள், அதுவும் போயிருந்தது.

அன்று அக்காவை ஏற்றாமல் நான் வண்டியைத் திருப்பும்போது காற்றில் அந்தக் கதவு திறந்து திறந்து அடித்தது. குளிர்காற்று பிள்ளைக்கு ஆகாது என்று அத்தான் அதை இழுத்துச் சாத்தி, வெளியே சங்கிலியை மாட்டிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு மீனுக்கு இறங்கினார்.