கைராசிக்காரி

மிஷன் ஆஸ்பத்திரியில் அவள் ஆயா. நோயாளிகளைத் துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, விரிப்பு மாற்றுகிற வேலை. ஆனால் ஆயா என்று அவளை யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் கைராசி அக்கா.

அந்தப் பெயர் வந்தது ஒரு கொத்தனாரால். சாரத்திலிருந்து விழுந்து, நினைவு தப்பிக் கிடந்த மனிதர். இவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். "ஊசி போட்டது நான், பேரு உனக்கா?" என்று பெரிய டாக்டரே சிரித்தார். சனம் கேட்குமா? மறுநாளே பக்கத்து வார்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. "எங்க அப்பா மேலயும் ஒரு தடவை கை வச்சுட்டுப் போங்கக்கா."

"என் கையில சோப்பு வாசத்தைத் தவிர ஒண்ணும் இல்லைங்க" என்பாள். என்றாலும் போவாள். நெற்றியில் கை வைத்து, தெரிந்த ஜெபத்தைச் சொல்லுவாள். குஷ்டரோகியை இயேசு தொட்டதைப் பற்றிக் காலை ஆராதனையில் போதகர் ஒருமுறை சொன்னது அவள் மனதில் அப்படியே தங்கியிருந்தது. "ஒரு வார்த்தை போதும், அவன் சுகமாயிருப்பான். ஆனாலும் தொட்டார். யாருமே தொடாத உடம்பு அது."

கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு எல்லாமே ஒரே மகள்தான். இருபது வயது. துணிக்கடையில் வேலை. மாலையில் வீங்கிய காலோடு வருவாள். "நாள் பூரா நின்னா வீங்காம என்ன செய்யும்?" என்று தாய் எண்ணெய் தேய்த்து விட்டாள். முகமும் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அதற்குள் சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப் போயிருந்தன.

"என்னோடதை எடுத்துக்கோங்க டாக்டர்" என்றாள். பரிசோதித்தார்கள். பொருந்தவில்லை.

"பத்து மாசம் சுமந்த உடம்புங்க இது. இதுவே பொருந்தலைன்னா வேற எது பொருந்தும்?" என்று கேட்டாள். டாக்டர் டயாலிசிஸுக்குச் சீட்டு எழுதினார்.

வாரம் மூன்று முறை இரத்தம் சுத்தம் செய்தார்கள். நாளாக ஆக இதயமும் தளர்ந்தது. வேலை முடிந்ததும் மகள் படுத்திருந்த வார்டுக்கு ஓடுவாள். தலையில் இரண்டு கையையும் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபிப்பாள். யார் யாருக்கோ பலித்த கை, பெற்ற பிள்ளைக்குப் பலிக்காமலா போகும்? சும்மா பேச்சுக்குச் சொன்ன கைராசியை அவளே நம்பத் தொடங்கியிருந்தாள்.

ஒரு மாலை மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அம்மா, கையை எடேன்."

"ஏன் கண்ணு?"

"ஜெபம் பண்றப்ப தலையை நசுக்குற. ஒவ்வொரு தடவையும் கண்ணைத் திறந்து என் மூஞ்சியைப் பாக்குற, சரியாயிடுச்சான்னு. சரியாகலையேன்னு எனக்கே உன்கிட்ட வெக்கமா இருக்கும்மா."

தாய் கையை எடுத்தாள்.

"முதுகு அரிக்குது. சொறிஞ்சு விடேன்" என்றாள் மகள்.

அந்த நோய்க்கு அரிப்பு உண்டு. தோல் உலர்ந்து செதில் செதிலாக இருந்தது. நகம் படாமல், உள்ளங்கையால் மெல்லத் தேய்த்து விட்டாள். "இன்னும் கொஞ்சம் மேல... அங்கதான்... ஸ்ஸ், அப்பாடா" என்று மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது! அதற்குப் பிறகு தாய் தினமும் அதைத்தான் செய்தாள். தேய்த்தாள், கால் பிடித்தாள், தலை வாரிவிட்டாள், துணிக்கடைக் கதைகள் கேட்டாள். மடிப்புக் கலைத்து நாற்பது புடவை பார்த்துவிட்டு, "வீட்டுல கேட்டுட்டு வரேன்" என்று போகிறவர்களை மகள் நடித்துக் காட்டுவாள்.

ஒரு மத்தியானம் பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் கண்ணை மூடினாள். தூங்குகிறாள் என்று தாய் வெகுநேரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் வந்த நர்ஸ்தான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, ஆஸ்பத்திரி ஜெப அறையில் போதகர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இயேசு தொட்டவங்க எல்லாம் எழுந்தாங்களே ஐயா. என் பிள்ளை மட்டும் என்ன பண்ணுச்சு?"

"செத்துப்போய் அவர் எழுப்பின லாசருவும் அப்புறம் ஒருநாள் செத்திருப்பான்மா. அன்னிக்கு அவன் அக்காமார் என்ன பண்ணாங்கன்னு யாரும் எழுதல. எனக்குத் தெரியல." அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு அவரும் அழுதார்.

மறுபடி வேலைக்கு வந்தாள். கைராசி என்ற பேச்சு அடங்கிவிட்டது. பெற்றதையே காப்பாற்றாத கை என்று சிலர் காதுபடவே சொன்னார்கள். ஒரு தாய் தன் குழந்தையை அவளிடமிருந்து இழுத்துக்கொண்டாள். அவள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். யாரும் வராத கிழவர்களைத்தான் முதலில் துடைத்துவிடுகிறாள். ஜெபம் கேட்டால் சொல்லுகிறாள். கேட்காவிட்டால் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருகிறாள்.

இருபது வயதுப் பெண் யாராவது வந்து படுத்தால் மட்டும் அவளால் தலை வாரிவிட முடிவதில்லை. சீப்பை இன்னொரு ஆயாவிடம் நீட்டி, "நீ பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு, ஈர விரிப்புகளை அள்ளிக்கொண்டு வெளியே போய்விடுகிறாள்.