படிக்காமல் போட்ட கையெழுத்து

போன வாரம் கேமரன் மலையில், ரிங்லெட் டவுனில் ஒரு ஆட்டோகிராப் போட்டேன்.

சிரிக்காதீர்கள். என் பத்திக்கும் வாசகர்கள் இருக்கிறார்கள்! தேயிலைத் தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருக்கும் மலர் என்ற பெண், 'கேமரன் மலைக்கு வந்தால் சொல்லுங்கள், ஒரு விஷயம் பேச வேண்டும்' என்று எழுதியிருந்தாள். பாய் சாப்பாட்டுக் கடையில் எதிரே வந்து உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"பேசறதுக்கு முன்னால ஒரு சைன் போடுங்க அங்கிள்."

ரொட்டி சானாயைக் கீழே வைத்துவிட்டு, 'அன்புடன்' என்று வேறு சேர்த்து, வளைத்து நெளித்துப் போட்டுக் கொடுத்தேன்.

மலருக்கு முப்பது வயதிருக்கும். வார நாட்களில் ஆபீஸ். சனி, ஞாயிறு ஈப்போவில் எம்.பி.ஏ. வகுப்பு. படிக்க வைப்பது தோட்ட நிர்வாகம்.

எம்.பி.ஏ. என்றாலே எனக்கு ஒரு நக்கல் உண்டு. டை கட்டிக்கொண்டு, பவர்பாயிண்டில் அம்புக்குறி விட்டு, பக்கத்து ஆளைத் தள்ளிவிட்டு மேலே ஏறுவதற்கான படிப்பு... அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் முதல் நாளே நடத்தை விதிகள் என்று ஒரு கையேடு கொடுக்கிறார்களாம். காப்பி அடிக்காதே, இல்லாததை எழுதாதே, ஆய்வுக்காகப் பேசியவரின் பெயரை வெளியே சொல்லாதே...

கையேட்டையெல்லாம் யார் படிக்கிறார்கள்? வகுப்பில் பாதிப் பேர் காப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்தார்களாம். மலர் படித்துத் தொலைத்திருக்கிறாள். அங்கேதான் வந்தது வினை.

ஆய்வுக்குத் தன் தோட்டத் தொழிலாளர்களிடமே பேசினாள். பெயர் வெளியே வராது என்று ஒவ்வொருவருக்கும் எழுதிக் கொடுத்தாள். ஒருவர் மனம் விட்டுச் சொன்னார் — பூச்சி மருந்து அடித்த தேயிலைக் காட்டில் மறுநாளே கொழுந்து எடுக்க விடுகிறார்கள், கையெல்லாம் எரிகிறது என்று. அதை அப்படியே எழுதினாள். அறிக்கை மேனேஜர் மேசைக்கும் போனது.

மேனேஜர் நம்ம ஆள்தான், தமிழர். ஒரு வெள்ளிக்கிழமை, ஆபீசே பார்த்துக்கொண்டிருக்கக் கத்தினார்.

"யாரு சொன்னது? ஏம்மா, நீ எஸ்டேட்டு ஆளா, யுனிவர்சிட்டி ஆளா?"

"ரெண்டும்தான் சார். பேரு மட்டும் சொல்ல முடியாது."

"திங்கக்கெழமைக்குள்ள சொல்லு. இல்லன்னா வேலையும் கெடையாது, வீடும் கெடையாது."

இருப்பது தோட்டத்து வீடு. அவளும் அம்மாவும் மட்டும். விஷயத்தைச் சொன்னதும், யாரைக் காப்பாற்றுகிறாய் என்று அம்மா கேட்கவில்லையாம். எழுந்து போய், கண்ணாடித் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பேப்பரில் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

"உங்க பத்தி வந்த பேப்பர்தான் அங்கிள். நல்லா கெட்டியா இருக்குலா!"

என் எழுத்தும் ஒரு காரியத்துக்கு ஆனதே என்று சிரித்து வைத்தேன்.

திங்கட்கிழமை காலை, வேறு யாரும் வருவதற்கு முன் மேனேஜர் அறைக்குப் போய் ஒரு கடிதத்தை வைத்தாள். ஆய்வுக்கு அவரே கொடுத்த அனுமதிக் கடிதம். 'பேசியவர்களின் பெயரை நிர்வாகம் கேட்காது' என்று ஒரு வரி. கீழே அவருடைய கையெழுத்து.

"இத எப்பம்மா போட்டேன்?"

"போன் பேசிக்கிட்டே போட்டீங்க சார்."

கடிதத்தை முதல் வரியிலிருந்து படித்தாராம். பிறகு, "சரி, பேரு வேணாம். எந்தக் காடு, அத மட்டும் சொல்லு."

"அது சொன்னா ஆளு தெரிஞ்சிரும் சார். எல்லாக் காட்டுக்கும் போர்டு வச்சிருங்க."

வைத்துவிட்டார்! வரும் வழியில் நானே பார்த்தேன் — மருந்து அடித்த நாள், உள்ளே போகலாம் என்ற நாள், மூன்று மொழியில்.

"வெள்ளிக்கிழமையே அந்தக் கடிதத்தைக் காட்டியிருக்கலாமே? எதற்கு ரெண்டு நாள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு..." என்று கேட்டேன்.

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க அங்கிள். அவருக்கு அவமானமாப் போயிருக்கும்ல?"

கடிதத்தைப் பார்த்து அவர் மனம் மாறுவார் என்று என்ன நிச்சயம்? வேலை போகலாம், வீடு போகலாம், அம்மா தட்டுகளைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்... இவளோ, தன்னைத் துரத்தப் பார்த்தவரின் மானத்தை இரண்டு நாள் காப்பாற்றி வைத்திருக்கிறாள். இது எந்தக் கையேட்டில், எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது?

எழுந்து நின்று கும்பிட வேண்டும் போல இருந்தது. கடையில் எல்லோரும் பார்ப்பார்களே என்று இன்னொரு தே தாரிக் டீ மட்டும் சொன்னேன்.

ஆனாலும் பத்தி எழுதுகிறவன் புத்தி எங்கே போகும்? குரலைத் தாழ்த்தி, "எங்கிட்ட மட்டும் சொல்லும்மா. யாரு அது?" என்றேன்.

மலர் சிரித்தாள். நான் 'அன்புடன்' போட்ட தாளை என் பக்கமாகத் திருப்பி வைத்தாள். என் ஆட்டோகிராப்புக்கு மேலே, நான் படிக்காத சில வரிகள். அந்த ஆள் யாரென்று கேட்க மாட்டேனாம். தோட்டத்தின் பெயரையும் இவளுடைய பெயரையும் எழுத மாட்டேனாம்.

ஆகையால், வாசகர்களே... மலர் என்பது அவள் பெயர் இல்லை.