இருபது பேரோடு வந்தால் பத்து நிமிஷம்

போன சனிக்கிழமை ஒரு ஹிப் ஹாப் லவுஞ்சுக்குப் போயிருந்தேன். சிரிக்காதீர்கள். நானாகப் போகவில்லை. தலை எண்ணிக்கைக்காகக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

என் அக்கா பெண் வைஷ்ணவி ராப் பாடுகிறாள். மேடைப் பெயர் ‘எம்.சி. மாடவீதி’. பல மாதங்களாக மயிலாப்பூர் ஃப்ளாட்டின் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு சாதகம் நடக்கிறது. புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்து, கீழ் வீட்டுக்காரர்கள் ஒருநாள் சமாதானம் பேச ஏறி வந்தார்களாம்.

இப்போது முதல் மேடை. தி. நகரில் ஒரு ஹோட்டலின் ஐந்தாவது மாடி. லவுஞ்சின் பெயர் வேண்டாமே... பாதாளம் என்று அர்த்தம் வருகிற ஓர் இங்கிலீஷ் பெயர். ஐந்தாவது மாடியில் பாதாளம்! ஏறிப் போக லிஃப்ட் உண்டு.

அங்கே ஒரு வழக்கம். புதிதாகப் பாட வருகிறவர் தன்னோடு இருபது பேரைக் கூட்டி வரவேண்டும். இருபது பேரும் டிக்கெட் வாங்கவேண்டும். வாங்கினால் பத்து நிமிஷம் மைக். ஒருவர் குறைந்தாலும் ‘நெக்ஸ்ட் டைம் பார்க்கலாம்’. இந்தப் பெண் எப்படிப் பாடுவாள் என்று யாராவது கேட்டார்களா? மூச்சு விடவில்லை.

வைஷ்ணவியின் சிநேகிதர்கள் ஏழெட்டுப் பேர் தேறினார்கள். மிச்சத்துக்கு நாங்கள்தான் - சித்திகள், மாமாக்கள், மாமிகள், கடைசியாக அவளுடைய அப்பா.

அப்பா என்றால் என் அத்திம்பேர். மயிலாப்பூரில் ஒரு சின்ன சபாவுக்கு செக்ரட்டரி. டிசம்பர் சீசனில் மத்தியானக் கச்சேரிகள் அவர் கையில். புதுப் பிள்ளைகளுக்கு அங்கே மேடை எப்படிக் கிடைக்கும் என்று ஊருக்கே தெரியும். டிக்கெட்டுகளை மொத்தமாக வாங்கி, சொந்தக்காரர்களைக் கொண்டுவந்து நாற்காலிகளை நிரப்பவேண்டும். அப்படிப்பட்டவர், லவுஞ்சின் இருபது பேர் கணக்கைக் கேட்டதும் கொதித்துவிட்டார். “இதென்னடி அநியாயம்? கலையா, இல்லே சீட்டு கம்பெனியா?” அக்கா சமையலறைக்குள் போய்விட்டாள். எனக்கும் அவசரமாக ஏதோ வேலை வந்துவிட்டது.

ஆனாலும் வருவதற்குச் சம்மதித்தார். ஒரு நிபந்தனையோடு. “ஒரே ஒரு தடவை வந்து கேக்கறேன். தேறலேன்னா இந்தக் கூத்தை மூட்டை கட்டிட்டு சி.ஏ. ஃபைனலைப் பாரு.” வைஷ்ணவி சரி என்றாள். ஆக, அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அவளுக்கு எல்லாம்.

அத்திம்பேர் ஜரிகை வேட்டியில் கிளம்பி வந்தார். வாசலில் நின்ற தடியர் கையை நீட்டித் தடுத்தார். “சார், டிரஸ் கோட். வேட்டி நாட் அலவ்டு.” மேனேஜர் ஓடி வந்தார். கொட்டாங்கச்சித் தாடி, ராத்திரியில் கறுப்புக் கண்ணாடி, தலையில் லேபிள் பிரிக்காத தொப்பி. வைஷ்ணவி அமைதியாகச் சொன்னாள்: “இவர்தான் இருபதாவது ஆள்.” அந்த நிமிஷமே வேட்டி ‘எத்னிக் வேர்’ ஆகி உள்ளே போனது. சட்டதிட்டமெல்லாம் டிக்கெட் வாங்கும்வரைதான் போலிருக்கிறது.

உள்ளே கும்மிருட்டு. மெனு கார்டைப் படிக்க மாமிகள் எல்லாரும் செல்போன் டார்ச்சைப் போட்டார்கள். சுவரில் பூசாத செங்கல் மாதிரி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். இந்த ஊரில் பூசாத செங்கல் சுவருக்கா பஞ்சம்? அதை ஸ்டிக்கரில் பார்க்கவா காசு கொடுத்து வந்தோம்? தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் ஒயின் கிளாஸில் வந்தது. மேலே ஒரு குட்டிக் குடை. சின்னச் சித்தி அந்தக் குடையைத் துடைத்து ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டாள், கொலுவுக்கு ஆகுமாம்.

எங்கள் கூட்டமும் லேசுப்பட்டதில்லை. முன்வரிசை சோபாக்களில் கர்சீஃப் போட்டு இடம் பிடித்தார்கள். ஒரு மாமா வெயிட்டரிடம், “கேன்டீன் எந்தப் பக்கம்?” என்றார். இருபது பேருக்கும் ஃப்ரெஷ் லைம் சோடா, பாதிப் பேருக்கு ஐஸ் இல்லாமல். அந்த வெயிட்டரின் முகம் போன போக்கு...

முதலில் பாட வந்தவன் கொட்டிவாக்கத்துப் பையன். கடல் தெரிகிற பங்களாவாம். கழுத்தில் நாய்ச் சங்கிலி கனத்துக்கு ஒரு செயின். தான் பசியோடு வளர்ந்த கதையைப் பத்து நிமிஷம் அமெரிக்க உச்சரிப்பில் பாடினான். பாதியில் நிறுத்தி ஒரு சிக்கன் விங் வேறு சாப்பிட்டான். எனக்குப் பசியே போய்விட்டது.

வைஷ்ணவிக்கு எட்டரை மணி என்று போஸ்டரில் போட்டிருந்தது. ஒன்பது ஆயிற்று. அப்புறம் ஒன்பதரை. மேடைக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றாள். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

அப்போது ஒரு பெரிய கோஷ்டி உள்ளே வந்தது. யாரோ ஒரு கட்டடக் கம்பெனி முதலாளியின் மகனுக்குப் பிறந்தநாள். மேனேஜர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். பிறகு எங்களிடம் வந்து, “சாரி அங்கிள், பாப்பா ஸ்லாட் கேன்சல். நெக்ஸ்ட் வீக் இதே கேங்கோட வாங்க” என்றார்.

அத்திம்பேர் எழுந்துவிட்டார். “அதெப்படி? போஸ்டர்ல பேர் போட்டேளா இல்லியா? குழந்தை எத்தனை மாசமா உசிரைக் கொடுத்துத் தயார் பண்ணிண்டு வந்திருக்கா தெரியுமா?”

“புரிஞ்சுக்கோங்க அங்கிள். அவங்கல்லாம் பெரிய மனுஷங்க. நாங்க இடம் நடத்தணும்ல? நாலு பேர் ஆதரவு இருந்தாதானே கலை வளரும்?”

அத்திம்பேர் திரும்ப சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

வாசகர்களே, போன டிசம்பரில் நான் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நன்கொடை கொடுத்த ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துவதற்காக, அடையாறிலிருந்து வந்த ஒரு பெண்ணின் கச்சேரியைப் பாதியில் நிறுத்தச் சொன்னார். கெஞ்சிய அவளுடைய அப்பாவிடம் அத்திம்பேர் சொன்னதும் இதேதான். ‘அங்கிள்’ மட்டும் இல்லை.

வைஷ்ணவிக்கு லேப்டாப்பில் பீட் போடுகிற யூசுப், சிந்தாதிரிப்பேட்டைப் பையன், அத்திம்பேரைச் சமாதானப்படுத்தினான். “இன்னா சார் டென்ஷன் ஆவுறீங்க? வாரா வாரம் இதே கதைதான் ஓடிக்கினு கீது. இருவது பேரும் டிக்கெட் வாங்கி உள்ள வந்தாச்சுல்ல... அத்தோட அவனுக்கு மேட்டர் ஓவர்.”

மாமிகள் எல்லாரும் சேர்ந்து கத்திய கத்தலில், கேக் வரும்வரை இரண்டு நிமிஷம் பாடிக்கொள்ள அனுமதி கிடைத்தது. வைஷ்ணவி ஓடிப்போய் மைக்கைப் பிடித்தாள்.

“நாலு மாட வீதி, நான் நடக்க ஏது வீதி?
நாலு பேரு பேச்சுதானே எங்க ஆத்து நீதி...”

கூடத்தில் சட்டென்று பேச்சு அடங்கியது. பிறந்தநாள் மேஜையிலேயே ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அத்திம்பேர் லைம் சோடாவைக் கீழே வைத்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கச்சேரியில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எப்போதும் கூட்டத்தைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது வரிக்கு அவள் வாயெடுத்தாள். மைக் செத்துவிட்டது. மத்தாப்பு சொருகிய கேக் தள்ளுவண்டியில் வந்தது. ஹேப்பி பர்த்டே பாட்டு காதைப் பிளந்தது. வைஷ்ணவி இன்னும் வாயசைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வரிசைக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. பாடுகிறவளே பாட்டையும் கொண்டுவரவேண்டும், கூட்டத்தையும் கொண்டுவரவேண்டும், அந்தக் கூட்டம் வாங்குகிற டிக்கெட்டையும் கொண்டுவரவேண்டும் என்றால், நடத்துகிற மகானுபாவர்கள் எதைத்தான் கொண்டுவருகிறார்கள்? ஒரு மைக். அதையும் நடுவில் பிடுங்கிக்கொள்கிறார்கள். இதற்குப் பெயர் கலைச் சேவை! தம்பூரா இருந்தாலும் சரி, லேப்டாப் இருந்தாலும் சரி, இந்த ஊரில் கலையை வளர்க்கிறவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறார்கள். கலைதான் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறது.

திரும்பும்போது காரை நான் ஓட்டினேன், அத்திம்பேர் பக்கத்தில். பின்சீட்டில் அக்காவும் வைஷ்ணவியும். தேனாம்பேட்டை சிக்னலில் நின்றபோது அத்திம்பேர் திரும்பாமலே கேட்டார்:

“அந்த மூணாவது வரி என்னடி?”

“போப்பா. இப்படியெல்லாம் சொல்ல மாட்டேன்.”

மனுஷர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நிபந்தனையைப் பற்றியோ சி.ஏ. ஃபைனலைப் பற்றியோ பேச்சே எடுக்கவில்லை.

“டிசம்பர்ல நம்ம சபாவுல மத்தியானம் ஒரு ஸ்லாட் தரேன். ‘லய விந்யாசம்’னு தாளக் கச்சேரி மாதிரி நோட்டீஸ்ல போட்டுக்கலாம், கமிட்டியில ஒருத்தனுக்கும் புரியாது. முழுசாப் பாடு. யார் வந்தாலும் நிறுத்த மாட்டேன். சரியா?”

என் கண்ணே கலங்கிவிட்டது. அக்கா மூக்கை உறிஞ்சினாள். வைஷ்ணவி மட்டும் ஜன்னல் பக்கமிருந்து திரும்பி, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்:

“எத்தனை பேரைக் கூட்டிண்டு வரணும்ப்பா?”

சிக்னல் விழுந்து பின்னால் எல்லாரும் ஹாரன் அடிக்கிறார்கள்... அத்திம்பேர் இன்னும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்!