மருதமுனையில் ஒரு துவாட்டாரா மண்டையோடு

ஐம்பதுகளின் பிற்பகுதி, ஓர் ஆகஸ்ட் விடுமுறை. மட்டக்களப்பில் விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். உடன் படிப்பித்த உதுமாலெவ்வை, "எங்கட ஊருக்கு வந்து ஒரு எலும்பப் பார்த்துச் சொல்லணும்" என்றார்.

அவருடைய தங்கை சகீனாவின் கணவர் கப்பலில் வேலை செய்தவர். நியூசிலாந்தில் பல்லி போல இருந்தும் பல்லி இனத்தில் சேராத பிராணி ஒன்று உண்டென்று சொல்லி, அதன் மண்டையோட்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். ஊர் சிரித்தது. அவர் கொழும்பு ஆஸ்பத்திரியில் மௌத்தாகி அடக்கமும் ஆன பிறகு பேச்சு இன்னும் கெட்டது. அவர் கப்பலே ஏறவில்லையாம், கொழும்பில் வேறு குடும்பம் வைத்திருந்தாராம்.

காலை ஏழு மணி பஸ். மருதமுனைக்கு இருபத்திரண்டு மைல், ஒன்றரை மணித்தியாலம். இடப்பக்கம் இருந்தால் தென்னைகளுக்கு இடையே கடல் தெரியும். நான் பார்க்கவில்லை. அது வெறும் உடும்பு மண்டையாக இருந்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்வது என்ற பயம்.

சகீனாவின் வீட்டு அக்கம்பக்கத்தில் தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. அவருடைய தறி மட்டும் சும்மா கிடந்தது. கணவரை இழந்து இத்தா என்ற துக்கக் காலத்தில் இருப்பவர் அந்நிய ஆண் முன் வரமாட்டார்; திரைக்குப் பின்னால் இருந்துதான் கதைத்தார். உதுமாலெவ்வை மண்டையோட்டை என் கையில் தந்தார்.

பல்லி, ஓணான், உடும்பு எல்லாம் ஒரு கூட்டம். சகீனாவின் கணவர் சொன்னது துவாட்டாராவாக இருக்க வேண்டும்; அது வேறு கூட்டம். டைனோசர் காலத்தில் பல கிளைகளாகப் பரவியிருந்த அந்தக் கூட்டத்தில் இன்று மிஞ்சியிருப்பது நியூசிலாந்தில் வாழும் இது ஒன்றுதான். அதன் கண்குழிக்குப் பின்னால் இரண்டு துளைகள், கீழ்த் துளைக்கு அடியில் மெல்லிய எலும்புப் பாலம். பல்லிகளுக்கு அந்தப் பாலம் கிடையாது.

என் கையில் இருந்ததிலும் இல்லை. ஆனால் எலும்பு ஏனோ பளபளத்தது. கழுவினீர்களா என்று கேட்டேன்.

"உக்கிப் போகும் எண்டு பயந்து, தறியில கட்டுற பாவு நூலுக்குப் போடுற மாதிரிக் கஞ்சி போட்டன் சேர். பிறகு தறிப் புருசால இழுத்து விட்டன். எனக்கு வேற என்ன தெரியும்?"

வெளிச்சத்தில் திருப்பினேன். காய்ந்த கஞ்சிக்குள் இரு பக்கமும் ஒடிந்த முனைகள். பாலத்தை அந்தத் தறி பிரஷ்தான் முறித்திருக்கிறது. பிறகு பற்களைப் பார்த்தேன். மேலே இரண்டு வரிசை, கீழ் வரிசை அவற்றின் நடுவே வந்து பொருந்தியது. எந்தப் பல்லியிலும் நான் அப்படிக் கண்டதில்லை; புத்தகத்தில் துவாட்டாராவுக்கு அப்படித்தான் போட்டிருந்தது.

"இது பல்லி இல்லை. அவர் சொன்ன பிராணியேதான்" என்றேன். அவர் நியூசிலாந்துக்குப் போனாரா என்று எலும்பு சொல்லாது என்பதையும் மறைக்கவில்லை.

இந்தக் கூட்டத்தின் மிகப் பழைய உறவுகளுக்கு அந்தப் பாலமே இருக்கவில்லை, பின்னாளில்தான் திரும்ப உண்டானது என்று பல வருடங்களுக்குப் பிறகு படித்தேன். ஆகவே எலும்பு பார்க்கப் போகிறவர்கள் ஒரே அடையாளத்தை நம்பி வாய் திறக்காதீர்கள். மருதமுனைக்குப் போகிறவர்கள் காலை பஸ்ஸில் போங்கள், வெயில் ஏறுமுன் தறிகளைப் பார்க்கலாம்.

அன்று நான் சொல்லி முடித்ததும், சகீனா அண்ணனிடம் கேட்டு மண்டையோட்டைத் திரைக்குள் வாங்கிக்கொண்டார்.

"அவர் எனக்குப் பொய் சொல்லல்ல, அது போதும் சேர்," என்றார். "இவ்வளவு நாளும் ஆருக்காக அழுறது எண்டு தெரியாம இருந்தன். இனி அழுவன்."