கண்ணுக்குள் கேமரா

என் வீட்டுக்காரருக்கு எதைப் பார்த்தாலும் சதி. மல்லாட்டை விலை இறங்கினால் சதி. போனில் சிக்னல் போனால் சதி. எதிர்வீட்டில் புது விளக்கு போட்டால் அது எங்களை வேவு பார்க்கத்தான். திண்டிவனத்தில் அவருக்கு மல்லாட்டை வியாபாரம்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். காயைக் காதோரம் வைத்துக் குலுக்கியே பருப்பு காய்ந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். அதனால் அவர் கண்ணில் புரை முற்றியது கடைத்தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ரசத்தில் கறிவேப்பிலையைத் தடவி எடுக்கிற மனுஷனைப் பார்த்தால் பெண்டாட்டிக்குத் தெரியாதா?

தள்ளிப்போட்டால் பார்வையே போய்விடும், உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். இவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"கண்ணுக்குள்ள லென்ஸ் வைக்கிறாங்களாமே, அதுல கேமரா இருந்தா? நான் பாக்கறத எல்லாம் எவனாவது உக்காந்து பாத்துக்கினு இருப்பான்."

"மல்லாட்டை மூட்டையப் பாத்து அவன் இன்னா பண்ணப் போறான்?" என்றேன். முறைத்தார்.

அப்போதுதான் விழுப்புரத்தில் அந்தப் படம் ஓடியது. ஊரே தன்னை வேவு பார்ப்பதாக நம்புகிற ஒருவனைப் பற்றிய த்ரில்லர். தன்னைப் போலவே ஒரு ஆளைத் திரையில் பார்த்தால் வெட்கப்பட்டுத் திருந்துவார் என்று நினைத்து அழைத்துப் போனேன். நான் போடுகிற திட்டம் பெரும்பாலும் தப்பாது.

அன்றைக்குத் தப்பியது. படத்தில் அந்த ஆள் சந்தேகப்பட்டது அத்தனையும் உண்மை. கூடவே இருந்த நண்பனே அவன் வீட்டில் மைக் ஒளித்து வைத்திருந்தான். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார்.

"பாத்தியா? நான் சொன்னா மட்டும் பைத்தியம்னுவ."

எனக்கு எரிச்சலான எரிச்சல். பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"அந்த ஃப்ரெண்டுதான்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"கடைசிலதான். எல்லாருக்கும் அப்பதான."

"இல்ல. மைக் வெக்கறப்ப கைய மட்டுந்தான் காட்டுனாங்க, அதுல தழும்பு இருந்துச்சி. பாதிப் படத்துல அவன் டீ ஊத்தறப்ப அதே தழும்பு. தியேட்டரே கத்துச்சே."

"எதுக்குக் கத்தறாங்கன்னு உன்னக் கேட்டேன் இல்ல?"

"கண்ணு தெரியாம யாரச் சந்தேகப்படுவீங்க? உங்க எதுருலயே வந்து மைக் வெச்சிட்டுப் போனாக்கூடத் தெரியாது."

டீ ஆறியது. சந்தேகப்படுகிறவருக்குத் துப்பு தவறிப்போவதைவிட வேறென்ன அவமானம் இருக்கிறது?

"சரி, பண்ணிக்கிறேன். ஆனா இன்னா வைக்கிறாங்கன்னு நீ கேட்டுத் தெரிஞ்சிக்கணும்" என்றார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

கட்டுப் பிரித்ததும் முதலில் அறையின் மூலைகளைப் பார்த்தார், எங்காவது கேமரா இருக்கிறதா என்று. பிறகு என் பக்கம் திரும்பினார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உன் தலையெல்லாம் எப்ப இப்பிடி நரைச்சுது? இத்தினி நாளா எங்கிட்ட மறைச்சிட்டியே."

எதற்கும் பதில் வைத்திருப்பவள் நான். அன்றைக்கு அழுகைதான் வந்தது.