ஆத்தா என் காப்பை அவிழ்த்தாள்

என் அப்பா கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்துச் செத்துப்போனபோது நான் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மாசி மாதம். மாரியாத்தாவை நம்புகிற சொந்தங்களே, இதை அழாமல் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியுமா என்று தெரியவில்லை.

எங்கள் ஊர் கல்வராயன் மலையில், கரியாலூரையும் தாண்டி உள்ளே இருக்கிறது. எட்டாவது வரைதான் அங்கே பள்ளிக்கூடம். அதற்கு மேல் படிக்க நான் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி விடுதியில் தங்க வேண்டியிருந்தது. பெரியப்பா கூடாது என்றார். அப்பா காதில் வாங்கவில்லை. ஆனி மாதம் அவரே பஸ்ஸில் கூட்டிவந்து சேர்த்துவிட்டு, கடைத்தெருவில் கறுப்பு ஷூ வாங்கிக் கொடுத்தார். என் காலைவிடப் பெரிய ஷூ.

“தொளதொளன்னு கீதுப்பா” என்றேன்.

“வளர்ற காலுதானே, துணிய வெச்சி போட்டுக்கினு போ. ஒம்போதாவது முடிக்கறதுக்குள்ள சரியாப் பூடும்” என்று சிரித்தார். எங்கள் வீட்டில் ஷூ போட்ட முதல் கால் என்னுடையதுதான்.

கார்த்திகை முடிந்ததும் வழக்கம்போல மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போனார். மாசியில் அவரை வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள்.

காரியம் முடிந்தும் நான் விடுதிக்குத் திரும்பவில்லை. அம்மா சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. அவளை அப்படியே விட்டுவிட்டு எப்படிப் போவது? எனக்கும் புத்தகத்தைத் திறந்தால் கண்ணீர்தான் வந்தது. அப்போதுதான் பெரியப்பா மாப்பிள்ளை பேச்சை எடுத்தார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அவங்கப்பா படிக்கணும்னு சொன்னாரு. அவ பரிச்ச எழுதட்டும். தேறலன்னா அப்பறம் உங்க இஷ்டங்க” என்றாள். அந்தச் சொல்லில் என் வாழ்க்கை தொங்கியது.

பங்குனியில் எங்கள் ஊர் மாரியாத்தாவுக்குக் காப்பு கட்டுவார்கள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. கட்டியவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஊருக்கே ஆகாது. துக்க வீட்டுக்குக் காப்பு எதற்கு என்று பூசாரி தயங்கினார். நான் தேற வேண்டும் என்பதற்காக அம்மா அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி தன் கையிலும் என் கையிலும் கட்டவைத்தாள். பரீட்சை சித்திரையில்தான், அதற்குள் திருவிழா முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

மறுநாளே விடுதி வார்டன் அக்கா போன் செய்தார். இந்த வருஷம் பரீட்சையை முன்னால் வைத்துவிட்டார்களாம். திங்கட்கிழமை முதல் தாள். “டீச்சர்ங்ககிட்ட உனக்காகப் பேசிக் கீறேன். பரிச்சைக்கு மட்டும் வந்துடுடி” என்றார்.

காப்பு அவிழ்ப்பதோ அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “நானே கட்டிப்புட்டனே, எம்புள்ள கைய நானே கட்டிப்புட்டனே” என்று புரண்டாள். பூசாரி முடியாது என்றார். பரீட்சை எழுதாவிட்டால் பெரியப்பா பார்க்கிற மாப்பிள்ளைதான்.

நான் கோயிலுக்குப் போனேன். கும்பிடப் போகவில்லை, சண்டை போடத்தான் போனேன். “எங்கப்பனையும் எடுத்துக்கினே, இப்ப இதையும் எடுத்துக்கிறியா? உனக்கு நாங்க இன்னா பண்ணோம்?” என்று கத்தினேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. கடைசியில் அவள் காலடியில் விழுந்து, “தாயே, என்னை விட்டுடு, நான் போவணும்” என்று மட்டும் கேட்டேன். நான் வேண்டியது அவ்வளவுதான்.

ஞாயிறு மாலைப் பூசையில் பம்பை அடித்தார்கள். கூட்டத்தின் பின்னால் நின்ற என் அத்தைமேல் ஆத்தா இறங்கினாள். அப்பாவின் தங்கை அவள். கடையில் உப்பு கேட்கக்கூடக் கூச்சப்படுவாள். இதுவரை அவளுக்கு அருள் வந்ததே இல்லை. நேராக என்னிடம் வந்து என் கையைப் பிடித்தாள்.

“எல்லையில காவல் நிக்கறது நானு! எம்மவளுக்கு எல்ல ஏதுடா?”

பூசாரியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே என் காப்பை அவிழ்த்து அம்மாவின் கையில் கட்டினாள். பூசாரி கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் காலில் விழுந்தார்.

அண்ணன் மகளுக்காக அத்தை ஆடினாள் என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வாயில்லாத அத்தைக்கு அந்த வாயைக் கொடுத்தது யார்?

காலையில் முதல் பஸ்ஸுக்குத் தனியாகத்தான் போனேன். ஊரில் எல்லோர் கையிலும் காப்பு இருந்ததால் துணைக்கு யாரும் வர முடியாது. அம்மா எல்லைக்கல் வரைக்கும் வந்து நின்றாள். அவள் மணிக்கட்டில் இரண்டு கயிறுகள். பஸ் வளைவில் திரும்பி மறையும்வரை அந்தக் கையைத் தூக்கிக்கொண்டே நின்றாள்.

விடுதியில் ஷூவை எடுத்து வழக்கம்போலத் துணியைத் திணித்தேன். கால் நுழையவில்லை. துணியை எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. அப்பா சொன்னபடியே ஆகிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வார்டன் அக்காதான் முகத்தைக் கழுவிவிட்டுத் தேர்வு அறைக்கு அனுப்பினார்.

தேறிவிட்டேன். கணக்கில் தட்டுத்தடுமாறித்தான். பெரியப்பா அதற்குப்பின் மாப்பிள்ளை பேச்சை எடுக்கவில்லை. இப்போது நர்ஸ் வேலைக்குப் படிக்கிறேன். பாம்புக்கடி என்று யாரையாவது கொண்டுவந்தால் ஓடிப்போய் முதல் ஆளாக நிற்கிறேன்.

சொந்தங்களே, ஆத்தாவிடம் நல்ல பிள்ளையாகத்தான் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். கோபத்தோடு போங்கள், அழுதுகொண்டே போங்கள், திட்டுங்கள். அவள் கேட்டுக்கொள்வாள். பிறகொரு நாள் அப்பாவையும் நான் திருப்பிக் கேட்டேன், அதை மட்டும் அவள் தரவில்லை. அந்தச் சண்டை எங்களுக்குள் இன்னும் முடியவில்லை. பங்குனி வந்தால் எனக்கும் சேர்த்து அம்மா தன் கையில் இரண்டு காப்பு கட்டிக்கொள்கிறாள். நான் கீழே படித்துக்கொண்டிருக்கிறேன்.